போணி மூட்டை

கிழக்கு வெளுக்கும் முன்பே காந்தி மார்க்கெட் வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு. வழியெல்லாம் மழையில் நனைந்த சாக்குகள் வழக்கத்தைவிடக் கனத்தன. ரத்தினவேல் மண்டியின் சுமைதூக்கிகள் மிதிபட்ட கோஸ் இலைகளில் வழுக்காமல் கால் ஊன்றி, தூக்கம் கலையாத கண்களோடு லாரியின் பின்னால் கூடினார்கள்.

அந்த மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. நாளின் முதல் மூட்டைக்குப் போணி மூட்டை என்று பெயர். தரையில் கிடக்கும் அதை ஒரே ஆள் தூக்க வேண்டும். இன்னொரு கை படக்கூடாது. தராசு வரை வழியில் எங்கும் இறக்கக்கூடாது. இறக்கினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளி ரத்தினவேலின் நம்பிக்கை. நம்பிக்கை அவருடையது, முதுகு மட்டும் அடுத்தவனுடையது. தூக்குவதிலும் ஒரு வீம்பு உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் தோளுக்கு ஏற்றுவதுதான் ஆம்பிளைத் தூக்கு. உட்கார்ந்து தூக்குகிறவனை, "என்னடா, பிரசவமா?" என்று மார்க்கெட்டே கேலி செய்யும்.

அன்று போணி சவரிராயனுடையது. மூட்டையைத் தோளுக்கு வெட்டி இழுத்தவன் பாதியிலேயே "அம்மா!" என்று அலறி விழுந்தான். மூட்டையும் அவன் பக்கத்தில் விழுந்தது.

"மூட்டையப் பாருங்கடா! போணி தரையில கெடக்கு!" என்று கத்தினார் ரத்தினவேல்.

கூட நின்ற சுமைதூக்கி அடைக்கலம் பாய்ந்து போய்த் தூக்கினான். சவரிராயனை அல்ல, மூட்டையை. தராசில் இறக்கிவிட்டுத் திரும்பியபோதுதான், சேற்றில் புரண்டபடி தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் கண்ணில் பட்டது. முதலாளி அடைக்கலத்தின் முதுகில் தட்டி, "இனிமே போணி உனக்குத்தான்டா" என்றார். ஒரு கணம் அடைக்கலத்துக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து நினைத்து அவன் கூசிப்போனான்.

ஆஸ்பத்திரியில் சவரிராயனின் மனைவி பாக்கியமேரி, பார்க்க வந்த அடைக்கலத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூட்டை பத்திரமாப் போய்ச் சேந்துச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"விடு மேரி" என்றான் சவரிராயன். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தவன் கண்ணில் கோபத்தைவிட யோசனைதான் அதிகம் தெரிந்தது. "அடைக்கலம், டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. எந்த மூட்டையில புடிச்சுதுன்னு. மொத மூட்டைன்னேன். படுக்கையிலேருந்து எந்திரிச்சு நேராப் போய்த் தூக்குனியான்னாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. நம்ம பழைய ஆளு பிச்சை, அவனுக்கு இடுப்பு போனது எதுல? போணியில. நம்ம கூடத் தூக்குற வீரமலையோட அண்ணனுக்கு? அதுவும் போணியில. வேலை சூடு புடிச்ச பெறகு நம்மள்ல யாராவது விழுந்திருக்கோமா?"

அடைக்கலம் யோசித்துப் பார்த்தான். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"செய்யிற வேலையவே, சரக்குத் தூக்குறதுக்கு முன்னாடி கம்மி பாரத்துல செஞ்சு உடம்பப் பழக்கணுமாம். காலை மடக்கி உக்காந்து, மூட்டைய நெஞ்சோட அணைச்சு எந்திரிக்கணும். திரும்பறதுன்னா இடுப்பத் திருப்பாம பாதத்த எடுத்து வச்சுத் திரும்பணும். தொடர்ந்து பழகுனா தொடையும் வயிறும் பாரத்த வாங்கிக்குமாம், முதுகு தப்பிக்குமாம். நான் தப்பல. நீங்களாவது தப்பிச்சுக்குங்கடா."

அடைக்கலமும் மற்ற சுமைதூக்கிகளும் மார்க்கெட்டின் பின்புறம், காவிரி மணலைப் பாதிச் சாக்கில் நிரப்பி ஆரம்பித்தார்கள். உட்கார், அணை, எழு, பாதம் மாற்று. ஒரு சாக்கை இரண்டு பேர் சேர்ந்து மூச்சு ஒத்துத் தூக்கவும் பழகினார்கள். முதல் நாள் வீரமலை நிலை தடுமாறிப் பின்பக்கம் அடிபட உட்கார்ந்தபோது சிரிப்பு அடங்கவே இல்லை. தொடை கடுகடுத்து நடக்க முடியாமல் வீடு திரும்பிய வழியெல்லாம் அடைக்கலத்தைத் திட்டினான். அதே வீரமலை ஒரு நாள் தானாகவே வந்து, "காலையில எந்திரிச்சா கால் கழுவக் குனிய முடியாதுண்ணே. இன்னைக்குக் குனிஞ்சேன்" என்று சொன்னான். அதன் பிறகு கேலி நின்றது.

ஆனால் போணி நிற்கவில்லை. பழகிய உடம்புதான் என்றாலும், தனி ஆளாக அந்தப் பாரத்தின் முன் நிற்கும்போதெல்லாம் அடைக்கலத்தின் கண், சவரிராயன் விழுந்த இடத்துக்கே போனது. தான் விழுந்தால் அடுத்து வீரமலை, அவனுக்கு அடுத்து இன்னொருவன். எல்லோருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் ரத்தினவேல் வந்தபோது மண்டி வாசலிலேயே மணல் சாக்குகளோடு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. லாரியிலிருந்து இறக்கிய முதல் மூட்டை தரையில் கிடந்தது.

"லாரி நிக்குது, நீங்க என்னடா சர்க்கஸ் காட்டுறீங்க?"

"கொஞ்ச நேரங்க. உடம்பு சூடாகட்டும்" என்றான் அடைக்கலம். "இன்னொண்ணுங்க மொதலாளி. இனிமே போணிய ரெண்டு பேராத்தான் தூக்குவோம்."

"எங்கப்பா காலத்து வழக்கம்டா இது!"

"உங்கப்பா காலத்துலேருந்து போணி தூக்குனவங்கள்ல ஒருத்தராவது நிமிந்து நடக்குறாங்களா? காட்டுங்க, நான் தனியாவே தூக்குறேன்."

ரத்தினவேலின் முகம் கறுத்தது. "நீ போடா வெளிய. டேய் வீரமலை, இன்னையிலேருந்து போணி உனக்கு. தூக்கு."

எல்லோரும் வீரமலையைப் பார்த்தார்கள். வீட்டில் பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்தபடி மூட்டையிடம் போனான். வீரமலை காலை மடக்கி உட்கார்ந்தான், இரண்டு கையாலும் மூட்டையை அணைத்தான், எழவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க."

அடைக்கலம் போய் எதிரே உட்கார்ந்தான். ரத்தினவேல் பாய்ந்து வந்து மூட்டைமேல் செருப்புக் காலை வைத்தார்.

"ரெண்டு ஆள் கை பட்ட சரக்கு என் வாசல்ல ஏறாது. ஒங்க எல்லாருக்கும் இன்னையோட வேலை முடிஞ்சுது. ஏய் தைரியராஜ்! ஒன் ஆளுங்களக் கூட்டிட்டு வா!"

அடுத்த மண்டியின் சுமைதூக்கிகளுக்குத் தலைவன் தைரியராஜ். ஏழெட்டுப் பேரோடு வந்தான். அன்றைக்கு அவர்கள் கடைக்குச் சரக்கு வரவில்லை. சும்மா இருக்கும் கைகள். உலை வைக்க வழியில்லாத நாளில் வேலையைத் தட்டிக் கழிப்பவன் யார்? அடைக்கலம் எதிர்பார்த்துப் பயந்தது இதைத்தான்.

"போணியத் தூக்குங்கடா. இனிமே ரெண்டு கடை வேலையும் ஒங்களுக்குத்தான்."

தைரியராஜ் மூட்டையைப் பார்த்தான். அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எங்க ஆளு ஒருத்தன் போன வாரம் இப்படித்தான் விழுந்தான். இன்னும் பாயிலதான் கெடக்கான்" என்றான், முதலாளியைப் பாராமலேயே. பிறகு, "அடைக்கலண்ணே, கால எவ்வளவு அகட்டி வைக்கணும்? சொல்லுங்க, நாங்களும் பழகுறோம்" என்றான்.

அவன் ஆட்கள் மணல் சாக்குகளின் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். ரத்தினவேல் போலீசைக் கூப்பிடுவேன், மணப்பாறையிலிருந்து ஆள் இறக்குவேன் என்று கத்தினார். இறக்கினாலும் இறக்குவார். நாளைக்கு அடுப்பு எரியுமா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அடைக்கலத்துக்குப் பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்று முதன்முதலாகத் தோன்றியது. எழுந்து வரிசையின் முன்னால் வந்தான்.

"தோள் அகலத்துக்கு வையிங்க" என்றான். "எல்லாரும் ஒண்ணா உக்காருவோம், ஒண்ணா எந்திரிப்போம். யாரும் அவசரப்படாதீங்க."