சிவப்புப் பூசிய மாம்பலகை

மார்ச் 12, வியாழன்.

ஒரு சின்னத் தவறு. நேற்று பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது காய்வதற்கு முன்பே அதை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்பை மாட்டிவிட்டேன். இன்று மாலை கழற்றினால் இரும்பு பட்ட இடத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள். அரை மணி நேரம் உப்புத்தாளால் தேய்த்தேன். போகவில்லை. கவனம் போதாது.

‘கவனம் போதாது’ என்று முடியாத பக்கம் பரணியின் நோட்டில் அபூர்வம். பகலெல்லாம் திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவான். மாலை ஆறு மணிக்கு மரவேலை வகுப்பு. வகுப்பு முடிந்ததும், கோடு போட்ட நோட்டில் தேதி, செய்த வேலை, செய்த தவறு, நாளைய வேலை என்று வரிசையாக எழுதினால்தான் அவனுக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

பலகை மாமரம். நாராயணவனத்துக்குப் பக்கத்தில் அவன் ‘நைனா’ என்று கூப்பிடும் அப்பா பாலையா கூலிக்குப் போகும் தோப்பில் காற்றில் சாய்ந்த மரம். தோப்புக்காரர் அடிமரத்தைச் சும்மா கொடுத்தார். புத்தூர் மரவாடியில் இரண்டு அங்குலக் கனத்துக்கு அறுத்து, ஒரு வருஷம் நிழலில் காயவைத்த பலகை அது. ஓரத்தை நேராக வெட்டாமல் மரம் வளைந்த வளைவிலேயே விட்டிருந்தான். ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தி, இவ்வளவுதான் கருவி. புத்தூரில் அவன் அம்மா பத்மாவதி நடத்தும் டிபன் கடைக்கு மூன்று பேர் உட்காரும் பெஞ்சு செய்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் வண்ணக் கடைக்குப் போய் ஒரு சிறிய டப்பா சிவப்புச் சாயம் வாங்கி வந்தான். முதல் பூச்சில் வட்டங்கள் மங்கின. இரண்டாவது பூச்சில் மறைந்தன. மேல்பக்கம் மட்டும் பூசினால் பலகை ஒரு பக்கமாக முறுக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் அடிப்பக்கம், விளிம்பு, கால்கள் என்று ஒன்றையும் விடாமல் பூசினான். அன்று எழுதியது இது:

கறை முழுக்க மறைந்தது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பக்கத்து மேசையில் முக்காலி இழைத்துக்கொண்டிருந்த நளினிதான் முதலில் சொன்னாள். “ஏன் பரணி, இத்த எத்தினி கோடிக்கு விக்கப் போற?”

“இன்னா?”

“செம்மரம் மாதிரியே கீதே! நாளைக்கு ரோட்ல எடுத்துக்கினு போவியா? போ போ. ஜாமீனுக்கு எங்க நைனாவ அனுப்பறேன்.”

வகுப்பே சிரித்தது. பரணியும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. செம்மரம் விளையும் மலையடிவாரத்தில் இருபத்துமூன்று வருஷம் வளர்ந்தவனுக்குப் பூச வேறு நிறமே கிடைக்காமல் போயிற்றே! அதுவும் எந்த வாரத்தில்? திங்கட்கிழமை அவன் ஒரு பெரிய மருத்துவமனையில் ஒப்பந்த வேலையில் சேர வேண்டும். அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதித் தரும் காகிதம் இன்னும் வரவில்லை. இப்போது ஏதாவதொரு பதிவேட்டில் அவன் பெயர் ஏறினால், வேலை போனது போனதுதான்.

சாயத்தைச் சுரண்டி எடுக்க நேரமில்லை. சனிக்கிழமையோடு வகுப்பு முடிகிறது, மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். யோசித்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கால்களைக் கழற்றித் தனியாகக் கட்டினான். பலகையை இரண்டு கோணிகளால் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கினான்.

சரக்கு ஆட்டோ கொண்டுவந்த எத்திராஜ் அவன் ஊர்க்காரர். மூட்டையைப் பார்த்து, “இன்னாடா இது, பாடையா?” என்றார்.

“பெஞ்சுண்ணா. சிராய்ப்பு ஆவக் கூடாதுன்னு.”

நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் ஏற்றமாட்டாரோ என்று பயம்.

வெயில் சாய்ந்த நேரம். புத்தூர்ச் சாலையில் வடமாலபேட்டைக்கு முன்னால் வனத்துறை ஆட்கள் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன தக்காளி வண்டியை விட்டுவிட்டார்கள். எத்திராஜ் வண்டியின் பின்பக்கம் வந்த இளம் காவலர் முரளி, கோணியை அழுத்திப் பார்த்தார்.

“ஏமிதி?” என்றார் தெலுங்கில், இது என்ன என்று.

“பெஞ்சு சார்” என்றான் பரணி. யாரும் கேட்காமலே, “மாமரம் சார்” என்றும் சேர்த்தான். கேட்காததைச் சொன்னதும் முரளி அவனை மறுபடி பார்த்தார்.

“விப்பு.” அவிழ்க்கச் சொல்லிக் கயிற்றைக் காட்டினார்.

பரணி இறுக்கிக் கட்டியிருந்த முடிச்சு அவனுக்கே அவிழவில்லை. எத்திராஜ்தான் அவிழ்த்தார். கோணி விலகியதும் மாலை வெயில் பலகையில் பட்டு, அது ரத்தமாக மின்னியது. எத்திராஜ் ஓரடி பின்னால் போனார். “அடப்பாவி. டே பரணி, இன்னாடா இது?”

“சாயம்ணா. சத்தியமா சாயம்.”

தமிழ் பேசும் பையன், கோணியில் சுற்றிய கட்டை, இரத்தச் சிவப்பு. இந்த மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்தால் அந்தச் சாலையில் செம்மரக் கடத்தல் என்றுதான் பொருள், அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முரளி விசில் ஊதினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி சுரேஷ்பாபு பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்து வந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாக வந்தது.

“எந்த மரவாடி? பில்லு?”

“அறுத்தப்போ தரல சார். போன வருஷம்.”

“போட்டோ?”

பரணி போனை நீட்டினான். நேற்று அம்மாவுக்கு அனுப்பிய படம் ஒன்றுதான் இருந்தது. சிவப்புப் பெஞ்சு. அதற்கு முந்திய நாட்களில் அவன் படமே எடுக்கவில்லை. பாதி வேலையைப் படம் எடுத்தால் மீதி கெடும் என்று ஒரு பயம்.

“நோட்டு கீது சார்” என்றான் அவசரமாக. “தெனம் இன்னா செஞ்சேன்னு எழுதி வச்சிருக்கேன்.”

“படி.”

மரம் விழுந்த நாள், மரவாடி, முதல் இழைப்பு என்று படித்துக்கொண்டே வந்தான். சுரேஷ்பாபுவின் முகம் கொஞ்சம் இளகியது. கிளாம்பு, கறுப்பு வட்டம். பிறகு பக்கத்தைத் திருப்பினான். நின்றான்.

“இன்னா நிறுத்திட்ட?”

அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியுமா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் எழுதியதை மாற்றிப் படிக்க அவன் நாக்குக்கு வரவில்லை.

“கறை முழுக்க மறைந்தது. இனி யாராலும்... கண்டுபிடிக்க முடியாது.”

எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “இத்தல்லாமா எழுதுவாங்க? எழுதினதும் இல்லாம படிக்கிறான் பாரு!”

முரளி சிரித்துவிட்டார். சுரேஷ்பாபு சிரிக்கவில்லை. பேனாக்கத்தியால் பலகையின் அடியில் கீறினார். மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. பலகையை ஒரு முனையில் தூக்கி எடை பார்த்தார்.

“கனம் கம்மிதான். ஆனா செம்மரத்துக்கும் வெளிமரம் வெளுப்பாத்தான் இருக்கும், நான் சொன்னாப் போதாது. திங்கட்கிழமை பெரிய சார் வருவார், பார்ப்பார். அது வரைக்கும் கட்டையும் வண்டியும் இங்கதான். உங்க ரெண்டு பேர் பேரு, அட்ரஸு சொல்லு.”

பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

பரணிக்கு அந்தப் பேனாமுனை மட்டும்தான் தெரிந்தது. திங்கட்கிழமை சேர வேண்டிய மருத்துவமனை, கடையில் காத்திருக்கும் அம்மா, எல்லாம் அதன் நுனியில் நின்றன. பக்கத்தில் எத்திராஜ், “வண்டி ஒரு நாள் நின்னா என் வூட்ல அடுப்பு நிக்கும் சார்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சார்” என்றான் பரணி. “அறுத்துக் காட்டறேன் சார். சாயம் மேலதான். செம்மரம்னா நடுச் சேகுலதான சார் செவப்பு இருக்கணும்? உள்ள பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.”

சுரேஷ்பாபு பேனாவைக் காகிதத்துக்கு மேலே நிறுத்தினார். “உன் பெஞ்சு. உன் இஷ்டம்.”

கருவிப் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டுக் கோடு போட்டான். முரளி தலையாட்டினார். “அது இல்ல. இன்னும் உள்ள.” ஒரு சாண் காட்டினார். அந்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் கால் செருகும் துளை இருந்தது. அதைத் துளைக்க மூன்று மாலை ஆகியிருந்தது. முரளி காட்டிய இடத்திலேயே பரணி மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்தான்.

“மட்டம் வேறயா? சீக்கிரம் அறுடா” என்றார் எத்திராஜ், பலகையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

கோணலாக அறுக்க அவனால் முடியவில்லை. ரம்பம் கோட்டை விட்டு விலகினால் நிறுத்தி, மறுபடி அறுத்தான். முதலில் சிவப்புத் தூள் கொட்டியது. அதைப் பார்த்து அவனுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது, மரவாடியில் கட்டை மாறியிருக்குமோ என்று. நாலாவது இழுப்பில் தூள் வெளிறியது. அப்புறம் மஞ்சள். அப்புறம் மாங்கொட்டை நிறம். துண்டு விழுந்தது.

சுரேஷ்பாபு அதை எடுத்து மூக்கருகே வைத்தார். திருப்பினார். நகத்தால் அழுத்தினார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“மாமிடிதான்” என்றார் முரளியிடம், மாமரம்தான் என்று தெலுங்கில். பேனாவை மூடினார். “ஏம்ப்பா, இந்த ஊர்ல பொறந்துட்டு செவப்பு அடிப்பியா? நீலம் அடி. பச்சை அடி. மாமரத்துக்கு அதோட நிறம் இல்லியா?”

“கறை சார்...”

“கறையோட உட்காந்தா இட்லி இறங்காதா? போ.”

துண்டைத் திருப்பித் தரவில்லை. மேசை மேல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட்கலாமா என்று பரணி நின்றான். எத்திராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்.

புத்தூர் வந்தது. எத்திராஜ் கடை வாசலில் பலகையை இறக்கிக்கொண்டே, “நீ இனிமே எதனா செஞ்சா, எங்கிட்ட காட்டிட்டு மூட்ட கட்டு” என்றார்.

“தப்புதாண்ணா. முன்னாலயே சொல்லியிருக்கணும்.”

“அத்தயும் எழுதி வச்சுக்கோ.”

அம்மா கைவிளக்கோடு வந்து பலகையைச் சாணால் அளந்து பார்த்தாள். “மூணு பேருன்னு சொன்ன. ரெண்டு பேருதான் ஒக்காந்து துன்னலாம் போல கீதே.”

நடந்ததைச் சொன்னான். அவள் பலகையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேரு எழுதலியே?”

“எழுதலம்மா.”

“நல்லாப் பாத்தியா?”

பார்த்திருந்தான். மூடிய பேனாவை, மூடிய பதிவேட்டை. ஆனாலும் வண்டி கிளம்பிய பிறகு அது மறுபடி திறந்திருக்குமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு நோட்டை விரித்தான்.

மார்ச் 14, சனி.

செய்த வேலை: ஒரு சாண் அறுத்தது. அறுப்பு நேராக வந்திருக்கிறது.

தவறு: கறையை மறைத்தது. கோணி சுற்றியது. எத்திராஜ் அண்ணாவிடம் சொல்லாதது.

பெயர் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

நாளை, ஞாயிறு: காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். சாயம் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். வட்டங்கள் அப்படியே இருக்கட்டும். பழைய துளை இப்போது விளிம்பில் இருக்கிறது, பளு தாங்காது. அதை மரச்செருகால் அடைத்து, ஒரு சாண் உள்ளே தள்ளிப் புதிய துளை போட வேண்டும்.