இடது கதவில் நீலக் கீறல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் கரு எந்தக் கொலையிலும் கிடைக்கவில்லை. போடிநாயக்கனூரில் ஒரு வீட்டு வாசலில் நின்ற பழைய பச்சைக் காரின் இடது கதவில், உள்ளங்கை அகலத்துக்கு விழுந்த ஒடுக்கில் கிடைத்தது.

பழக்கதோஷம், இப்படித்தான் ஆரம்பித்தேன்:

'டிக்கியைத் திறந்த ஈஸ்வரன் வீறிட்டான். உள்ளே—'

உள்ளே ஸ்டெப்னி. அடித்துவிட்டேன்.

'கதவில் காய்ந்திருந்த அந்தக் கறை ரத்தமல்ல, அதைவிடப் பயங்கரமான—'

பட்டி. ஒடுக்கை நிரப்பப் பூசுகிற சாதாரணப் பட்டி. இதையும் அடித்தேன்.

2

ஈஸ்வரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. (தொழில்? பிறகு சொல்கிறேன்.) மனைவி தமிழ்செல்விக்கு ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. நாம் பச்சை என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவள் கண் ஏழாகப் பிரிக்கும். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்ற மூன்று மாதமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பாத்து, பாத்து, இடிச்சிராத" என்று கத்தியவன் ஈஸ்வரன். வரும் ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு மலை வளைவுகளில் தனியாக ஏறி, பூப்பாறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவள் காரை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனாள். செவ்வாய்க்கிழமை ஈஸ்வரன் எடுத்துப்போனான். தேவாரம் ரோட்டில், சிநேகிதன் ஜக்கையனின் ஏலக்காய் குடோன் நீலக் கேட்டில் 'டொம்' என்று இடித்தது அவன்தான்.

புதன்கிழமை காலை ஒடுக்கை அவள் பார்த்தாள்.

"ஏங்க, மார்க்கெட்டுல ரிவர்ஸ் எடுக்கையில எதையோ ஒரசிட்டேன் போல. நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சு. தங்கச்சிகிட்ட நான் வரலைன்னு சொல்லிருங்க. எனக்கு இந்தச் சோலியே வேணாம்."

சாவியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அந்த நிமிஷம் அவன் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. சொன்னது வேறு: "விடு செல்வி. வீட்டுலயே நான் சரி பண்ணிர்றேன்."

(இங்கே எனக்கு ஈஸ்வரனைப் பிடிக்காமல் போகிறது. வேறு கதாநாயகன் கைவசம் இல்லை.)

3

பாவம், உழைத்தான். கதவின் உள்தட்டியைக் கழற்றி, மரச்சுத்தியால் தட்டி ஒடுக்கை வெளியே எடுத்தான். பட்டி பூசினான். ஜன்னல்களை மறைக்கப் பழைய வார இதழ்த் தாள்களை ஒட்டினான். (அதில் என் தொடர்கதையின் பதினோராம் அத்தியாயமும் இருந்தது. எனக்கு வருத்தமில்லை.) எல்லாவற்றுக்கும் முன்னால், செவ்வாய்க்கிழமை ராத்திரியே, ஒடுக்கின் ஓரத்தில் இருந்த நீலக் கீறலை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தொலைத்திருந்தான்.

தேய்த்த பேப்பரைத் தொலைக்கவில்லை.

டீ கொண்டுவந்த தமிழ்செல்வி அதைக் குனிந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு பெயிண்ட் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"கடைப் பச்சையை அப்படியே அடிச்சா வெயில்ல கெடந்த காரோட சேராதுங்க." முந்தானை முடிச்சிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்துக் கதவில் வைத்துக் காட்டினாள். "இந்தா, இந்தக் காய் நெறம் வரணும். மஞ்சள்ல ரெண்டு சொட்டு விடுங்க. கருப்புல ஊசிமுனை அளவு... போதும், போதும்! நிறுத்துங்க."

காயும் கதவும் ஒன்றாயின.

வாடகைக் கம்ப்ரசரைப் போடப்போன நேரத்தில் ஜக்கையன் வந்தான்.

"என்ன மாப்ளே, பெயிண்டரு ஆயிட்டியா? அன்னைக்கு என் கேட்டுல நீ—"

ஈஸ்வரன் சுவிட்சைத் தட்டினான். கம்ப்ரசர் அலறியது. ஜக்கையனின் வாய் மட்டும் அசைந்தது. பதற்றத்தில் ஸ்ப்ரே துப்பாக்கி திரும்பியதில், வந்தவனுடைய வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே அருமையான ஏலக்காய்ப் பச்சை.

"அடப்பாவி! கல்யாண வீட்டுக்குப் போறேண்டா!"

தமிழ்செல்வி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எந்தக் கேட், எப்போது என்று ஜக்கையனிடம் அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

4

முடிவு.

கதவு காய்ந்துவிட்டது, எங்கே அடிபட்டது என்று யாராலும் காட்டமுடியாது, சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னாலேயே கிடக்கிறது, அவள் பஸ்ஸில் பூப்பாறை— வேண்டாம். இவ்வளவு நல்ல பெயிண்டுக்கு இவ்வளவு கேவலமான முடிவா?

ஜக்கையன் திரும்ப வந்து போட்டு உடைக்கிறான்— அதுவும் கூடாது. உடைக்க வேண்டியவன் அவனல்ல.

சரி. ஈஸ்வரனின் தொழில்: வாராவாரம் தொடர்கதை எழுதுவது. கார் என்னுடையது. இடித்தது நான். ஊரையோ உன் பெயரையோ மாற்ற எனக்கு மனம் வரவில்லை, செல்வி. என் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன், கோழை.

இருபத்தாறு வருஷமாக என் அத்தியாயங்களை முதலில் படிப்பவள் நீ. மூன்றாம் பக்கத்திலேயே குற்றவாளியின் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, "நல்லாருக்குங்க, அனுப்பிருங்க" என்பவள். வாட்டர் பேப்பரில் நீலம் பார்த்த கண்ணுக்கு இந்தக் கதை தேவையே இருக்காது. ஆனாலும் நானாகச் சொல்ல வேண்டும்.

இன்று சனிக்கிழமை. தாள்களை அரிசி டப்பாவின் மேல் வைக்கிறேன். பக்கத்தில் பென்சில். பின்னால் சாவி. கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டிருக்கிறேன். பென்சிலால் முடித்தாலும் சரி, சாவியால் முடித்தாலும் சரி. உன் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார்ந்து கத்தமாட்டார்கள்.

'ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, போடிமெட்டின் முதல் வளைவில் அந்தப் பச்சைக் கார்—'