எழுத்துத் தெரிகிறதா

பெட்டிகளை இறக்கலாமா என்று வண்டிக்காரர் வாசலில் நின்று கேட்டபோது, அவள் கணவரின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். சிறுநீரகங்கள் ஓய்ந்துபோன பின், வயிற்றுக்குள் விட்டு வடிக்கும் மருந்துநீர் அவருக்கு மாதந்தோறும் அந்தப் பெட்டிகளில் பைபையாக வரும்.

"சாருக்கு ஜன்னலோரமா அடுக்கினாதான் பிடிக்கும்" என்றபடி உள்ளே வந்தவர், கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"திருப்பி எடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள் நாத்தனார். வண்டி நகர்ந்ததும் தம்பி மனைவியிடம் திரும்பினாள். "பஸ் ஓட்டின கையில டாக்டர் வேலையக் குடுத்துட்டு, நீபாட்டுக்கு ஆபீஸுக்குப் போயிட்டே."

"நர்ஸ்தான் அவருக்கே சொல்லிக் குடுத்தாங்க, அண்ணி. நான் கிட்ட போனாலே, 'கை கழுவினியா? முகமூடி எங்கே?'ன்னு விரட்டுவார்."

"அவனா? சட்டைப் பித்தானையே மாத்திப் போடுறவன்!"

இதயம் நின்றுவிட்டதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆயினும் அவளுக்கு மனம் ஆறவில்லை. குழாயை இணைக்கையில் கை தவறிக் கிருமி புகுந்திருந்தால்? வலியை மறைத்துக்கொண்டுதான், "கிளம்பு, பஸ்ஸை விட்டுடாதே" என்று காலையில் அனுப்பிவைத்தாரா?

அவள் எழுந்து அவருடைய அறைக்குப் போனாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். காலையில் வடித்த பை மேசைமேல், செய்தித்தாளின் மீது கிடந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன இது?" என்று நாத்தனார் பையைக் காட்டினாள்.

"வயித்துலேருந்து வடிச்ச தண்ணி. கிருமி இருந்தா கலங்கிடும். பேப்பர் மேல வச்சு எழுத்துத் தெரியுதான்னு பார்ப்பார். தெரிஞ்சா நல்லது." அவள் சுவரிலிருந்து திரும்பவில்லை. "எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. நீங்க பாருங்க, அண்ணி."

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"பழைய சைக்கிள் விற்பனைக்கு" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நல்ல நிலையில் உள்ளது. மணி மட்டும் அடிக்காது."

"தெளிவா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுதும்மா."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நாத்தனார் நிமிரவில்லை. வாடகைக்கு ஒரு வீடு, தொலைந்துபோன ஒரு நாய், தையல் கற்றுத்தரும் ஓரிடம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். பையின் ஓரத்தைத் தாண்டியும் அச்செழுத்துகள் இருந்தன. தம்பியின் தண்ணீர் வழியே தெரிந்த கடைசி வரியோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.