சோளமாவுப் பனி

1

முதலில் வலது கால். மெதுவாக. எட்டடி உயரம், அத்தனை எடை. முழங்கால் வலிக்கும் அதற்கு, பாவம். வலது. இடது. குடில் வாசலில் நில். கதவைத் தொடாதே. இப்போது மூச்சு.

ஒலிக்கூடத்தில் ஒரு சினிமா மிருகத்துக்கு நடை கொடுத்த நிமிடம் அக்காவின் மனதில் ஓடியது இதுதான் என்று எழுதிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. (கேட்டிருந்தால், "பசிக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றிருப்பாள்.)

அக்கா சினிமாவுக்குச் சத்தம் செய்பவள். பேச்சும் பாட்டும் அவளுடையவை அல்ல, மற்றதெல்லாம் அவளுடையது. துணிப்பையில் சோளமாவை நிரப்பி உள்ளங்கையால் அழுத்தினால் பனியில் யாரோ நடக்கிறார்கள். முட்டைக்கோஸைத் திருகினால் உறைந்த ஏரி விரிசல் விடுகிறது. ஈரத் துண்டைத் தரையில் அறைந்தால்... வேண்டாம், அது எதற்கென்று சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா கொடுத்த இலவச டிக்கெட்டிலிருந்து வந்தது. பகல் காட்சி, அரங்கில் பன்னிரண்டு பேர். பனிக்காட்டில் மாட்டிக்கொண்ட ஐந்து பேரை ஒரு மிருகம் ஒவ்வொருவராகத் தின்கிறது. மிருகத்தின் முதுகில் ஜிப் தெரிந்தது. உறைந்து சாகப்போகிற கதாநாயகனின் மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. கொளுத்தும் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எடுத்த படம் அது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மிருகம் குடிலின் கதவுக்கு வெளியே வந்து நின்றது. திரையில் வெறும் கதவுதான். மூக்கால் நீளமாக உள்ளே ஒரு மூச்சு. நிறுத்தம். வாயால் வெளியே, முடிகிற இடத்தில் மெல்லிய விசில்.

"என்னம்மா, பொம்மைக்குப் போய் இப்படிப் பயப்படுறீங்க?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் இருக்கைக்கு மேலே ஏறியிருந்தன.

2

இந்த வகைப் படங்களைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். இல்லையென்றால் நேராக அப்பாவிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

கையில் காசில்லாத இயக்குநர் மிருகத்தை அதிகம் காட்ட மாட்டார். காட்டினால் ஜிப் தெரியும். அதனால் கதவைக் காட்டுவார், கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் முகத்தைக் காட்டுவார். பனி எதற்கு? யாரும் ஓடிப்போக முடியாமல் இருப்பதற்கு. வெளியே போனால் குளிர் கொல்லும், உள்ளே இருந்தால் அது வரும். ஊரில்லை, அக்கம்பக்கமில்லை, கூப்பிட்டால் கேட்க ஆளில்லை.

(அக்கம்பக்கம் இருந்தும் கேட்காத வீடுகளைப் பற்றி யாரும் பனிப்படம் எடுப்பதில்லை. இந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

3

தொடக்கங்கள்:

எங்கள் அப்பா ஒரு

எங்கள் அப்பா நல்லவர்தான், ஆனால்

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது, இனி எழுதினால் யாருக்கு என்ன

எங்கள் அப்பாவின் மூக்கெலும்பு சின்ன வயதில் உடைந்து கோணலாக ஒட்டியது. அதனால் மூச்சு விடும்போது கடைசியில் ஒரு விசில் வரும்.

நான்காவது மட்டும் முற்றுப்புள்ளி வரை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழுதினேன்:

*அப்பாவுக்குக் காலை ஷிப்ட். மதியம் இரண்டரைக்கு வீடு திரும்புவார். அம்மா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். பள்ளி இல்லாத நாட்களில் நானும் அக்காவும் உள்ளறையில் இருப்போம். எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. சில நாள் அவர் நேராகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். சில நாள் எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்று மூச்சு விடுவார். அந்த நாட்களில் அக்கா, "தாழ்ப்பாளைப் போட்டுட்டு கட்டிலுக்கு அடியில போ. நூறு வரைக்கும் எண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் காலை இழுத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொள்வேன். அதற்கப்புறம்*

*கதவு மூன்று முறை தட்டப்படும். அப்பா இப்போது எனக்காக வந்திருக்கிறார். நான் திறக்க மாட்டேன். அம்மா வரும்வரை திறக்க மாட்டேன்.*

நடுவில் "அதற்கப்புறம்" அப்படியே நிற்கிறது, பார்த்தீர்களா. அந்த இடத்தில் என்னிடம் சத்தம் இல்லை. அவளிடம் இருக்கிறது.

4

காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் ஒலிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே இயக்குநர் வந்திருந்தார். அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எடுத்த ஐந்து படமும் பனிப்படம், ஆனால் வீட்டு ஐஸ்பெட்டியைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்ததில்லை.

"அக்கா, எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான். கதவுக்கு வெளிய நின்னு மூச்சு விட்டுதே, அப்புறம் என்ன ஆச்சுன்னு. ரெண்டாம் பாகத்துல கதவு திறக்குதுக்கா. திரையில வெறும் இருட்டு. ஒரு நிமிஷம் முழுக்க உங்க சத்தம் மட்டும்தான்."

"ஏன், மிருகத்தோட சட்டை என்ன ஆச்சு?"

"எலி கடிச்சிடுச்சு."

"அப்ப எலியையே நடிக்க வெச்சிரலாம்ல? அதுக்கு ஜிப்பும் இல்ல."

ஐஸ்பெட்டி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிஜமா சொல்லுங்கக்கா. யாரோட மூச்சு அது?" என்றார்.

"அன்னைக்கு எனக்குச் சளி பிடிச்சிருந்துச்சு."

யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ என்னடி, கேஸ் கட்டு மாதிரி தூக்கிட்டு வந்திருக்க?"

கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்பா நல்லவரா கெட்டவரா என்கிற இடங்களையெல்லாம் தொடாமல் தாண்டிப்போனாள். சத்தங்களை மட்டும் திருத்தினாள். தாழ்ப்பாள் "டக்" என்று விழுந்ததாக வேறொரு பக்கத்தில் எழுதியிருந்தேன், "துரு. கிறீச்சிடும்" என்று ஓரத்தில் குறித்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சில் நின்றது.

"இது தப்பு. அவர் தட்டவே மாட்டார். நிப்பார், அவ்வளவுதான்."

"மூணு தடவக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மூணுதான். தட்டினது நான்."

"எதுக்கு?"

"என்னை உள்ள விடுறதுக்கு."

அறையில் சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு வைத்திருக்கிறார்கள். அங்கே எதுவும் திரும்பி வராது. அவள் சொன்னது மட்டும் போகாமல் நின்றது.

"நான் திறக்கலையே."

"திறக்கல. நூறு வரைக்கும் எண்ணச் சொன்னது என் தப்பு. உனக்கு இருபதுக்கு மேல தெரியாது. திருப்பித் திருப்பி ஒண்ணுல இருந்து எண்ணிட்டிருந்திருப்ப, மக்கு."

நிஜமாகவே சிரித்தாள். அம்மா வரும்வரை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாளாம்.

5

முடிவுகள்:

அ. அக்கா ஐஸ்பெட்டிக்கு அந்த ஒரு நிமிடத்தைச் செய்துகொடுக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனோடு நான். எல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. (இதை எழுதி முடித்துவிட்டுத்தான் கவனித்தேன்: ஐஸ்பெட்டி கேட்டதையேதான் நானும் கேட்கிறேன், கொஞ்சம் நல்ல தமிழில்.)

ஆ. கதவு திறக்கிறது. வெளியே யாருமில்லை, பனி மட்டும். ஏமாற்று வேலை, வேண்டாம்.

இ. ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஏதோ ஓர் எண்ணில் நான் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து, தாழ்ப்பாளைத்

6

மறுநாள் அதே காகிதங்களோடு திரும்பவும் ஒலிக்கூடத்துக்குப் போய், தெரிந்தும் கேட்டேன். முடிவு அ-வில் என்னைப் பற்றி நான் எழுதியது எல்லாம் உண்மை, இருந்தும் கேட்டேன். இத்தனை வருடமாக அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் என்னால் வேறெதையும் ஒழுங்காக எழுத முடியவில்லை.

"நீ வெளிய போனதுக்கும் கதவைத் தட்டினதுக்கும் நடுவுல என்னக்கா?"

அக்கா காகிதங்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "அதற்கப்புறம்" என்ற சொல்லுக்கு நேரே ஓரம் வெறுமையாக இருந்தது. உங்களுக்கும் அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். நிரப்பத்தான் வேண்டுமென்றால் உங்கள் பாடு.

சோளமாவுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். உள்ளங்கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்டி," என்றாள். கோபமில்லை. "ஐஸ்பெட்டிக்கும் இதேதான். நடக்கிற சத்தம் எவ்வளவு வேணும்னாலும் தரேன்."

"எனக்கு மட்டும்கூடவா?"

"உனக்குச் சொல்லிட்டா, அன்னைக்கு நான் கதவைச் சாத்திட்டுப் போனதுக்கு என்ன அர்த்தம்?"