தாழ்வாரத்தில் எட்டு மணி பஸ்

சட்டமன்றத் தாழ்வாரம் அன்று முப்பத்தொரு கிலோமீட்டர் நீளம் இருந்தது. முந்தைய நாள் பதினெட்டுதான். வாசல் காவலர் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்.

ராக்கம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கூவாச்சிபட்டித் தொகுதியின் உறுப்பினராகி மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்றுதான் முதன்முறையாகப் பேச வாய்ப்பு. ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பதினோரு பெண்பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தாள். உயர்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ் கிடையாது.

நான்காவது கிலோமீட்டரில் ஒரு மேஜை. பின்னால் ஓர் அலுவலர்.

“நீங்க இருக்கறதுக்கான படிவம்?”

“கொண்டு வரலையே சார்.”

“அப்ப நீங்க இன்னும் இல்லை. சொல்லுங்க, எழுதிக்கறேன். முன்னாடி என்ன வேலை?”

“பதினாறு வருசம் அங்கன்வாடியில சமைச்சேன். அதுக்கு முன்னாடி நாத்து நட்டேன்.”

“அதுக்கும் முன்னாடி?”

“எட்டாப்பு படிச்சேன்.”

“ஏன் நிறுத்துனீங்க?”

“நடந்து மாளல.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். “கொள்கை?”

“காலையில எட்டு மணிக்கு ஒரு பஸ்.”

“அது கொள்கை இல்லம்மா. நேரம்.”

“எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறுப்பு எதுவும் அகப்படவில்லை. அவளுடைய உள்ளங்கையில் ‘உண்டு’ என்று முத்திரை குத்தி அனுப்பினார்.

பதினேழாவது கிலோமீட்டரில் தாழ்வாரம் அவளுடைய தொகுதிக்குள் நுழைந்தது. சிவப்புக் கம்பளத்தின் இருபுறமும் கருவேலம் முளைத்திருந்தது. பதினோரு பிள்ளைகளும் புத்தகப் பையோடு ஓரமாக நின்றார்கள்.

“இங்க எதுக்குத்தா நிக்கீக?”

“நீங்க இன்னைக்குப் பேசுறீகன்னு சொன்னாக யத்தே. பஸ் வந்தா ஏறிக்கிடலாம்னு வந்துட்டோம்” என்றாள் பொற்கிளி. அவள்தான் மூத்தவள்.

பக்கத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் தணிகாசலம் இருந்தார். காத்திருந்து காத்திருந்து அவர் பஸ் நிறுத்தமாகியிருந்தார். தலைக்கு மேல் தகரக் கூரை, மடியில் சிமெண்ட் பெஞ்சு.

“நிழல்ல நில்லுங்கம்மா” என்றார். “நான் எதிர்க்கிறது உங்க கட்சியைத்தான். பஸ்ஸை இல்லை.”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. “உறுப்பினர் ராக்கம்மாள் இருக்கையில் இல்லை. அடுத்த உறுப்பினர்...”

இன்னும் பதினான்கு கிலோமீட்டர். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அங்கன்வாடியில் சாப்பிடக் கூப்பிடும் குரலை அவள் எடுத்தாள்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! நான் என் தொகுதியிலதான் இருக்கேன்!”

பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு பஸ்ஸைக் கேட்டாள். தணிகாசலம் தன் கூரையைத் தட்டி வரவேற்றார்.

குரல் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. பதில் வர இன்னொரு நாற்பது. யாரும் உட்காரவில்லை.

“உறுப்பினர் தொகுதியில் இருப்பதற்கு விதிகளில் இடமில்லை” என்றது ஒலிபெருக்கி. “தடையும் இல்லை. பஸ் அனுப்பப்படுகிறது.”

கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் வந்தது. மணி சரியாக எட்டு. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள்.

“நீங்க ஏறலையாம்மா?” என்றார் நடத்துநர். “மன்றம் வழியாத்தான் போகுது.”

“பள்ளிக்கூடத்துக்கு நேரா விடுங்க. முதல் மணி அடிச்சிரப் போகுது.”

பஸ் கிளம்பியது. பொற்கிளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “யத்தே, சாயங்காலம் திரும்பி வர?”

ராக்கம்மாள் அதை யோசித்திருக்கவில்லை.

“நாலே முக்காலுக்கு!” என்று கத்தினாள்.

பிறகு மன்றம் இருந்த திசைக்குத் திரும்பித் தொண்டையைச் செருமினாள்.

“ஆதரிக்கிறேன்” என்றார் தணிகாசலம். அவள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.