பெயர் வெட்டிய ஃப்ரேம்

எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. வேல்பாண்டிக்கு அது ஒரு பைத்தியம். கல்யாண வீட்டுக்குக் குடம் வாங்கினாலும் சரி, சடங்கு வீட்டுக்குத் தாம்பாளம் வாங்கினாலும் சரி, ‘அன்பளிப்பு: வேல்பாண்டி, மிலிட்டரி’ என்று பாத்திரக் கடையிலேயே மிஷின் வைத்து வெட்டி வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார். வாங்கிக்கொள்கிறவர் பெயர் சின்னதாக இருக்கும், இவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். டிபன் கேரியரில் அடுக்குக்கு அடுக்கு வெட்டியிருந்ததைப் பார்த்து, “களவாங்குதவன் ஒவ்வொரு அடுக்காவா களவாங்குவான்?” என்று கேட்டேன். மனுஷன் ஒரு வாரம் பேசவில்லை.

அவருடைய தங்கச்சி வெங்கடேஸ்வரி அவருக்கு நேர் எதிர். ராஜபாளையத்தில் போலீஸ் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு இருக்கிறாள். ஊரெல்லாம் ஸ்கூட்டியில் போக, இவள் மலைச் சைக்கிளில் டூட்டிக்குப் போவாள். டூட்டி முடிந்தால் வீட்டுக்கு வராமல் மலையடிவாரத்துக்கு வண்டியைத் திருப்புவாள். கரடு, ஓடை, பாறை எதற்கும் இறங்க மாட்டாள். முழங்காலில் ரத்தம் வழிய வந்து, “மதினி, சோத்தைப் போடுங்க” என்பாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. பொம்பளை என்றால் இவளல்லவா பொம்பளை என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை, திட்டத்தான் செய்வேன்.

மாநில மலைச் சைக்கிள் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வருஷா வருஷம் பிளவக்கல் பக்கம் நடக்கிறது. பெண்களில் இரண்டே பேரைத்தான் எடுப்பார்கள். போன வருஷம் இவள் மூன்றாவதாக வந்தாள். வீட்டுக்கு வந்து தட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எல்லாம் இந்த இரும்பு ஃப்ரேமோட கனம் மதினி. மேட்டுல ஒரு ஆளைப் பின்னால ஏத்திக்கிட்டு மிதிக்க மாதிரி இருக்கு. அலுமினியம்னா நான் முந்திருவேன்” என்றாள்.

அதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த வேல்பாண்டி அடுத்த லீவில் வரும்போதே ஒரு அலுமினிய ஃப்ரேமோடு வந்து இறங்கினார். பளபளவென்று சாம்பல் நிறம். ஒற்றை விரலில் தூக்கலாம். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியில் பாத்திரக் கடைக்குப் போயிருக்கிறார்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, பெரிய குழாய் வந்து சேருகிற இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வெட்டியிருந்தது: ‘தங்கை வெங்கடேஸ்வரிக்கு அண்ணன் வேல்பாண்டி அன்பளிப்பு’.

“கடையில பொன்னுராஜு லேசாத்தான் வெட்டினான். நான் விடுவனா? மழை தண்ணியில அழியாம நல்லா ஆழமாப் போடுலேன்னுட்டேன்” என்றார்.

அடக் கடவுளே! சைக்கிளிலுமா? நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கடேஸ்வரி அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள். ஒரு கணம் அவள் முகம் மாறியது. “நல்லாருக்குண்ணே” என்றாள்.

பழைய வண்டியின் சக்கரத்தையும் கியரையும் கழற்றிப் புதிய ஃப்ரேமில் பூட்டினாள். முதல் நாள் மலையடிவாரம் போய் வந்தவள், “பறக்குது மதினி!” என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்த எழுத்தைக் காட்டினார்.

போட்டிக்குச் சில நாள் முன்பு, கொல்லையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவள் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். ‘வேல்பாண்டி’யின் நடு எழுத்திலிருந்து தலைமுடி போல ஒரு கோடு குழாயைச் சுற்றி இறங்கியிருந்தது.

“அழுக்காட்டி?”

“கீறல், மதினி. குழாயே தகடு கனம்தான். அதுல ஆழமா வெட்டினதும் அந்த இடம் பலம் போயிருச்சு. குலுங்கக் குலுங்க அங்கருந்து விரிசல் விடுது.”

“வெல்டிங் பத்த வச்சுக்கிட்டாப் போச்சு!”

“இரும்புன்னா எந்தப் பட்டறையிலயும் பத்த வைக்கலாம். இதைப் பத்த வச்சா சூடு பட்ட இடம் இளகிரும். மறுபடி சூளையில வச்சுப் பக்குவம் பண்ணணும். அதுக்கு நேரமும் இல்ல, இங்க ஆளும் இல்ல.” கீறலை விரலால் மூடிக்கொண்டு சொன்னாள்: “அண்ணங்கிட்ட சொல்லிராதிய. லீவு முடிஞ்சு பனியில போய் நிக்கப் போறான். தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அங்க உக்காந்து இதையே நினைச்சுக்கிட்டுக் கெடப்பான்.”

அலுமினியம் இருந்தால் முந்திவிடுவேன் என்றவள் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கனத்த பழைய இரும்பில் மறுபடி எல்லாவற்றையும் பூட்டினாள். யாரும் ஏறிவிடக் கூடாதென்று புதிய ஃப்ரேமுக்குச் சக்கரமே வைக்கவில்லை.

வேல்பாண்டி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “நீதானட்டி அலுமினியம் கேட்ட?”

“கேட்டேன். எனக்கு ஒத்துக்கலண்ணே.”

“தெருவெல்லாம் காட்டினேனே! இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்? அண்ணன் வாங்கிக் குடுத்ததுன்னா அம்புட்டு இளக்காரமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு செயினுக்கு எண்ணெய் விட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன். வாயடக்கம் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போட்டியன்று, வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். நான் மட்டும் பஸ் பிடித்துப் போய்க் கடைசி இறக்கத்தில் நின்றேன். மேட்டில் வெங்கடேஸ்வரி நான்காவதாகத்தான் தெரிந்தாள். கனம் இழுக்கிறது. ஆனால் இறக்கம் தொடங்கியதும் மற்றவர்கள் பிரேக்கைப் பிடிக்க, இவள் விட்டாள் பாருங்கள்! ஒருத்தியைத் தாண்டினாள். அடுத்தவளையும் தாண்டினாள். கடைசி வளைவில் கல் உருண்டு வண்டியோடு பொத்தென்று விழுந்தாள்.

கியர் தொங்குகிற இரும்புக் காது உள்பக்கமாக வளைந்து பின்சக்கரக் கம்பியில் இடித்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அவள் வண்டியைப் படுக்கப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் காதை வெளியே இழுத்தாள். இரும்பு சொன்னபடி கேட்டது. ஏறினாள். பின்னால் வந்தவள் பக்கத்தில் வருவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

இரண்டாவது! நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற ஆள் காதைப் பொத்திக்கொண்டார். அணியில் எடுத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தனியாக ஒரு எவர்சில்வர் குடமும் பரிசு கொடுத்தார்கள்.

அப்போதுதான் ரோட்டோரமாக வேல்பாண்டி வருவது தெரிந்தது. தோளில் அந்த அலுமினிய ஃப்ரேம். குழாய் இரண்டாக விட்டுத் தொங்கியது. முழங்கை சிராய்ந்து சட்டையில் ரத்தம். நாங்கள் போன பிறகு, அவள் ஏறாவிட்டால் என்ன, நானே ஏறிப் போய்க் காட்டுகிறேன் என்று யாரிடமோ சக்கரமும் மற்ற சாமானும் வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசிப் பள்ளத்தில் குழாய் விட்டுவிட்டது. நல்ல வேளை, மெதுவாகத்தான் வந்திருக்கிறார்.

ஒடிந்த இடத்தை எங்கள் முன்னால் நீட்டினார். சரியாக அவர் பெயரின் நடுவே ஒடிந்திருந்தது. “உள்ள பழைய அழுக்கு ஏறியிருக்கு. இது இன்னைக்கு விட்டதில்ல. உனக்குத் தெரியுமாட்டி?”

வெங்கடேஸ்வரி குனிந்து தன் வண்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். இனி நான் எதற்கு வாயை அடக்க வேண்டும்?

“அவளுக்கு அன்னைக்கே தெரியும்! நீங்க ஆழமா வெட்டச் சொன்னியல்லா, அதுலதான் கீறுச்சு. நீங்க வருத்தப்படுவியன்னு அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டு இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏறியிருக்கா. உடம்பு பூரா அவளுக்கு மனசு!”

மனுஷன் ஃப்ரேமைக் கீழே போட்டுவிட்டுத் தங்கச்சியின் கையைப் பிடித்தார். காதை இழுத்ததில் அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

“விடுண்ணே. இந்த இரும்புல இறக்கம் எனக்கு நல்லா வருது” என்றாள் அவள்.

திரும்பும் வழியில் வாடகை வேனைப் பாத்திரக் கடையில் நிறுத்தச் சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். திருந்தவே மாட்டாரா என்று தலையில் அடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். பொன்னுராஜு மிஷினை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டார்: “உங்க பேரு பெருசுதான அண்ணாச்சி?”

“என் பேரு வேண்டாம். அவ பேரை மட்டும் வெட்டு.”

“அன்பளிப்பு யாருன்னு போடட்டும்?”

“யாரும் குடுக்கலலே. அவளா எடுத்தது.”

எங்கள் வீட்டில் வேல்பாண்டி பெயர் இல்லாமல் இருக்கிற பாத்திரம் இப்போது அந்தக் குடம் ஒன்றுதான்.