நான்காம் வரிசையில் பத்து இருக்கைகள்

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொது வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த கோபம் வேறு ரகம். என் மகள் வேலை பார்க்கும் அரங்கத்தின் வாசலில், சொந்தக்காரர்கள் சூழ நான் நின்றுகொண்டிருக்க, உள்ளே உட்கார இடமில்லை என்று பெற்ற மகளே என்னிடம் சொன்னாள்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். வணிகவியல் பட்டம் வாங்கியவள், மேலே இரண்டு வருடம் கலை நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றாள். ஆடுகிறவர்கள் ஆடுவார்கள், பாடுகிறவர்கள் பாடுவார்கள், நடுவில் நிர்வாகம் எதற்கு என்று என் கொழுந்தனார் கேட்டார். எனக்கும் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு முறை முறைத்து வைத்தேன்.

படித்து முடித்ததும் அவள் வகுப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒருத்தி அருங்காட்சியகத்தில் கண்காட்சிகளைப் பொறுப்பேற்று நடத்துகிறாள். ஒருவன் பாட்டுக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, யார் எந்த ரயிலில் வருகிறார்கள், டிரம்ஸ் எந்த லாரியில் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறான். நாடகக் குழுக்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே பெயர் வாங்கியவளும் உண்டு. என் மகள் எண்ணூறு பேர் உட்காரும் ஓர் அரங்கத்தில் சேர்ந்தாள்.

முதல் வருடம் டிக்கெட் கவுன்ட்டர். "டிகிரி மேல டிகிரி வாங்கிட்டு டிக்கெட் கிழிக்கிறா" என்று கொழுந்தனார் சொன்னது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் ஒத்திகை அறைகளுக்கு நேரம் ஒதுக்குகிற வேலை. ஒரே அறையை ஒரே நேரத்தில் கேட்டு இரண்டு குழுக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்களாம், இவள் இரண்டு பக்கமும் பேசிச் சிரிக்க வைத்து அனுப்புவாளாம். அது என் குணம் இல்லை, அவள் அப்பாவிடமிருந்து வந்தது.

மூன்றாவது வருடம் அங்கே நிகழ்ச்சி மேலாளர் பதவி காலியானது. அரங்கத்தின் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். வெளியூர் நடனக்குழு ஒன்றின் நிகழ்ச்சியை அவர் முழுதாக இவள் கையில் கொடுத்தார். நன்றாக நடந்தால் பதவி இவளுக்கு, சொதப்பினால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாக ஒரு நிகழ்ச்சியை எடுத்து நடத்துகிறவரின் வீட்டாருக்கு நான்காம் வரிசையில் நட்டநடுவே பத்து இருக்கைகள் ஒதுக்குவார்கள். யார் வந்து கேட்டாலும் அவற்றில் கை வைக்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தனார், ஓரகத்தி, நாத்தனார் என்று எண்ணிப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தேன். கொழுந்தனாரைத்தான் முதலில் எண்ணினேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்று மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணிக்கே வேனில் போய் இறங்கினோம். கறுப்புச் சட்டை, காதில் ஒரு கருவி, கையில் வாக்கிடாக்கியோடு மகள் வாசலிலேயே காத்திருந்தாள். நான்கு தடவை போன் அடித்தாளாம். வேனில் நாத்தனார் பேசுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பண்ணது நான்தான்" என்று ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு, பார்வையாளர்கள் நடுவிலேயே ஒலியைக் கட்டுப்படுத்துகிற மேசையைப் போடுவார்கள். மேசை எத்தனை இருக்கைகளை மறைக்கிறதோ, அத்தனையையும் விற்பனைக்குப் போகாதபடி முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டும். நடனக்குழு தங்கள் மேசை பெரியது என்று புது வரைபடம் அனுப்பியிருக்கிறது. இவள் மேடை ஆட்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, டிக்கெட் விற்கிற கணினியில் பழைய வரைபடத்தையே விட்டுவிட்டாள். ஒரு மணிக்கு மேசையைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் தெரிந்திருக்கிறது, விற்ற இருக்கைகளில் பத்து அதன் அடியில் போய்விட்டன என்று. அரங்கம் நிறைந்துவிட்டது. குழு அன்று சாயங்காலமே கிளம்புகிறது, மறுகாட்சியும் இல்லை.

"அந்தப் பத்துப் பேருக்கு நம்ம சீட்டைக் குடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அது உன் உரிமை, யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கேட்டேன். நடைபாதையில் நாற்காலி போட முடியாதா என்றேன். தீப்பிடித்தால் எண்ணூறு பேரும் ஓட வேண்டிய வழி அது, அங்கே ஒரு முக்காலிகூடப் போட மாட்டேன் என்றாள். சுவரோரமாக நிற்கிறோமே என்றார் என் வீட்டுக்காரர், பாவம் போல. அதற்கும் அதே பதில்தான்.

கொழுந்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லி அந்தப் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிவிடலாமே, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். கவுன்ட்டரில் இருந்தவர்களும் இதே யோசனையைத்தான் சொன்னார்களாம்.

"பூட்டாம விட்டது நான், சித்தப்பா. கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? பெரிய மேடத்துகிட்டயும் அப்படியேதான் சொல்லியிருக்கேன். ஷோ முடியட்டும், நாளைக்கு ரூமுக்கு வான்னு சொல்லிட்டாங்க."

அவள் குரல் நடுங்கவில்லை. பதவி கைநழுவினாலும் நழுவும் என்று அவளுக்குத் தெரியும். மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் அடுத்த நிமிஷம் வந்து சொல், சப்பைக்கட்டு கட்டாதே என்று முப்பது வருடமாக வார்டில் எத்தனை பெண்களைப் பிடித்து உலுக்கியிருப்பேன். கையைக் காலைப் பிடித்தாலும் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். இவளை நான் உலுக்கவே இல்லை. தானாகவே வந்து நின்று சொல்கிறாள். அந்த வாசலிலேயே இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேலை நேரத்தில் இருக்கிறாளே என்று கையை அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. நாங்கள் லாபியில் போய் உட்கார்ந்தோம். அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவருக்கும் அவளே எதிரே போய், இருக்கை எண்ணில் தவறு செய்துவிட்டேன், அதைவிட நல்ல இடம் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வந்தாள். சிலர் வாயெல்லாம் பல்லாகப் போனார்கள். ஒரு மனிதர் மட்டும் பிடித்துக்கொண்டார். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய இடம், உன் இஷ்டத்துக்கு மாற்றுவாயா என்று லாபி அதிர இரைந்தார். நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் அந்த மனிதர் மூச்சு வாங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு கீழே பார்க்காமல், "நீங்க கோவப்படுறது நியாயம்தான் சார். வந்து ஒரு தடவை உக்காந்து பாருங்க" என்றாள். போனவர் திரும்பி வரவில்லை.

மணி மூன்று அடித்தது. கடைசி ஆள் உள்ளே போனதும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவள் ஒவ்வொரு கதவையும் பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியில் பார்வையாளர் பக்கம் தயார் என்றாள். அந்தச் சொல் போனால்தான் உள்ளே திரை தூக்குவார்களாம். எண்ணூறு பேரும் மேடையில் நிற்கிற அத்தனை பேரும் இவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்பு விம்மியது. ஆமாம், பெருமைதான். அதை வேறு எப்படிச் சொல்வது?

லாபிச் சுவரில் ஒரு டிவி உண்டு. தாமதமாக வருகிறவர்களுக்காக மேடையைக் காட்டும், ஆனால் சத்தம் வராது. இருப்பதிலேயே நல்ல துணிகளைக் கட்டிக்கொண்டு, நாங்கள் பத்துப் பேரும் அதன் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் மட்டும் சத்தமில்லாத குறையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துப் பெரிய மேடம் அந்தப் பக்கம் வந்தார். நரைத்த தலை, வேக நடை. தாமதமாகிவிட்டதா, ஒரு பாட்டு முடிந்து கதவு திறக்கும்போது உள்ளே விடச் சொல்கிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த ஷோவை நடத்துறது எங்க அண்ணன் பொண்ணு. நாலாம் வரிசை எங்களோடதுதான். குடுத்துட்டோம்" என்றார். குடுத்துட்டோமாம்.

மேடம் எங்கள் பத்துப் பேரையும் ஒரு முறை எண்ணுவது போலப் பார்த்தார். "பத்து சீட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்னு மட்டும்தான் சொன்னா. எங்கேருந்துன்னு சொல்லல" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தப்பு எல்லாரும் பண்ணுவாங்கம்மா. ஒரு மணிக்குத் தெரிஞ்ச தப்பு மூணு மணிக்கு உள்ள உக்காந்தவங்க ஒருத்தரையும் தொடல. இந்த வேலையே அதுதான். நாளைக்கு அவளுக்கு மேனேஜர் போஸ்ட்டுக்கு லெட்டர் குடுக்கப் போறேன். அதுவரைக்கும் நீங்க சொல்லிடாதீங்க."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன, நீங்கள் இரண்டு பேரும் வந்து ஆட்டத்தைப் பாருங்கள் என்று மேடம் கூப்பிட்டார்.

லாபியின் அந்தக் கோடியில், மூடிய கதவுக்கு வெளியே, என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காதுக் கருவியை ஒரு விரலால் அழுத்திக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னாள். டிவியில் மேடை விளக்கு மாறியது.

"நீங்க போங்க மேடம்" என்றேன். "ஆட்டத்தைப் பாக்க உள்ள எண்ணூறு பேர் இருக்காங்க. இவளைப் பாக்க நாங்கதான் வந்திருக்கோம்."